ஒட்டு மையில் ஒரு பூ

அழைப்பு மணி அலறியது. ஒரு தரம் அழுத்திவிட்டுக் காத்திருக்கிற நாகரிகமெல்லாம் இல்லை. வைத்த விரலை எடுக்காத ஆள் யாரோ.

மேல்மாடி அறையில் சின்னவளுக்குக் கை உதறிப்போயிற்று. சூட்டுக்காற்று பட்டு அப்போதுதான் தங்கமாய் உருகத் தொடங்கியிருந்த லில்லிப் பூ, கண்ணெதிரே பழுப்பாகிக் கருகியது. ஒரு ஈஸ்டர் வாழ்த்து அட்டை பாழ்.

“வீடு தீப்பிடிச்ச மாதிரி யாரு இந்த அடி அடிக்கிறது” என்று முணுமுணுத்தபடி ஹீட் கன்னை அணைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

வாசலில் அத்தான் நின்றிருந்தார். அக்காவின் கணவர். கையில் குழந்தைகள் இழுத்துப் போகிற மாதிரி ஒரு குட்டி சூட்கேஸ். புத்தம் புதுசு, விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. அது யாருக்கென்று பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“வாங்கத்தான். ஈஸ்டர் முடிஞ்சுதானே வரேன்னீங்க?”

“சொன்னேன்.” செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “பாப்பா எங்கே?”

“பக்கத்து வீட்டுல விளையாடுறா. உக்காருங்க, டீ போடறேன்.”

“டீயெல்லாம் வேண்டாம். அவ துணிமணியை எடுத்து வை. சாயங்கால வண்டிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

அக்கா போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை. அத்தானுக்கு ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. ஆகவே பாப்பா சித்தியிடமே தங்கிவிட்டாள். முன்பல் விழுந்த வாயால் “தித்தி, தித்தி” என்று காலைச் சுற்றிக்கொண்டு திரிந்தாள். கல்யாணப் பேச்சு எடுத்த சொந்தக்காரர்களையெல்லாம் சின்னவள் வாசலோடு திருப்பி அனுப்பியதற்கு அந்தப் பொடிசுதான் காரணம். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் மிச்சம் சுவரும் கூரையும்தான்.

“இப்ப என்ன ஆச்சுன்னு இந்த அவசரம்?” என்று கேட்டாள்.

“நேத்து போன்ல பாப்பா என்ன சொன்னா தெரியுமா? ‘அப்பா, அம்மா மாடியில கார்டு பண்றாங்க’ன்னா.”

சின்னவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பிள்ளைக்கு என்ன கதை சொல்லி வச்சிருக்கே நீ?”

“சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலத்தான்.”

“அப்ப தானா முளைச்சுதா? அம்மா இல்லைங்கிறதை அவ மனசு ஏத்துக்கணும்னு நான் ஒரு பக்கம் தவிச்சுக்கிட்டிருக்கேன். நீ இங்கே பேய்க்கதை ஓட்டிக்கிட்டிருக்கியா? இந்த வீட்டுல வச்சிருந்தா அதுக்குப் பித்துதான் பிடிக்கும்.”

குழந்தை ஏதோ உளறியது என்று சொல்லியிருக்கலாம். சிரித்து மழுப்பியிருக்கலாம். சின்னவளுக்குப் பொய் சொல்ல வராது. முகம் முந்திக்கொண்டு காட்டிக் கொடுத்துவிடும்.

அத்தான் அந்த முகத்தைப் பார்த்தார். “உனக்கு என்னமோ தெரியுது” என்றார், குரல் இறங்கி.

“மேலே வாங்க. காட்டறேன்.”

மாடி அறை அக்கா விட்டுப்போன மாதிரியேதான் இருந்தது. ஜன்னலோரம் நீள மேஜை. பிஸ்கட் டப்பாக்களில் அச்சுகள்: லில்லி, டெய்சி, இலைக்கொத்து, கொடி. எல்லாம் ரப்பரில் அக்கா தன் கையால் செதுக்கி, மரக்கட்டையில் ஒட்டியவை. பக்கத்தில் பச்சையும் ஊதாவுமாக ஸ்டாம்ப் பேடுகள். குறுக்கே கட்டிய கயிற்றில் முடிந்த அட்டைகள் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. அறை முழுக்கச் சூடான மெழுகு மாதிரி ஒரு வாசனை.

சின்னவள் கயிற்றிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். நடுவில் பெரிய தங்க லில்லி. கீழே ‘ஈஸ்டர் வாழ்த்துகள்’. வலது மூலையில் நகக்கண் அளவு ஒரு குட்டிப் பூ. ஐந்து இதழ்; ஒன்று மட்டும் குட்டை.

அத்தானின் கை நின்றுவிட்டது. “இது அவ பூ.”

பாப்பா பிறந்த சமயம் படுக்கையில் இருந்தபடியே அக்கா செதுக்கிய முதல் அச்சு அது. கத்தி வழுக்கி ஓர் இதழ் குட்டையாகிப்போக, ‘இருக்கட்டும், என் பொண்ணுக்கும் ஒரு நாள் பல் விழத்தானே போகுது’ என்று சிரித்துவிட்டு அதையே தன் முத்திரையாக வைத்துக்கொண்டாள். அவள் செய்த அட்டை எதுவாக இருந்தாலும் மூலையில் அது இருக்கும்.

“ஆமா. ஆனா நான் இதைக் குத்தலத்தான்.”

“பின்னே தானா வந்து உக்காந்துச்சா?”

“அப்படித்தான் வருது.”

அத்தான் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சின்னவள் சின்ன ஸ்டாம்ப் பேடு ஒன்றைத் திறந்து காட்டினாள். அதில் நிறமே இல்லை. கண்ணாடி மாதிரி ஒரு பிசுபிசுப்பு மட்டும் இருந்தது.

“இது ஒட்டு மை. குத்தினா ஒண்ணுமே தெரியாது. வெள்ளை அட்டை வெள்ளையாவே இருக்கும். மேலே தங்கப் பொடியைக் கொட்டித் தட்டினா, மை இருக்கிற இடத்துல மட்டும் பொடி ஒட்டிக்கும். அப்புறம் சூடு காட்டினா உருகி மேடா நிக்கும். நான் லில்லியை மட்டும்தான் குத்தறேன். பொடியைக் கொட்டினா லில்லியும் வருது, மூலையில இதுவும் வருது.”

“அட்டையை முன்னாடியே யாரோ குத்தி வச்சிருப்பாங்க.”

“இந்த மை டீ ஆறுற நேரத்துல காஞ்சிடும். காஞ்சா பொடி ஒட்டாது. அப்படின்னா…” அவள் எச்சில் விழுங்கினாள். “நான் லில்லியைக் குத்துற அதே நேரத்துல, இதே மேஜையில, யாரோ அதைக் குத்தறாங்க.”

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு முற்றத்தில் பாப்பா யாரையோ துரத்திக்கொண்டு கெக்கலித்தாள். இருவரும் கொஞ்சம் திடுக்கிட்டார்கள்.

முதலில் சின்னவளும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லைதான். கைவிரல் எண்ணெய் பட்ட இடத்தில் பொடி ஒட்டுவது எல்லாருக்கும் நேர்கிற கூத்து. அதற்காகவே குத்துவதற்கு முன் அட்டையை முகப்பவுடர் கட்டிய குட்டித் துணி மூட்டையால் ஒற்றி எடுப்பார்கள். இரண்டு மடங்கு ஒற்றினாள். ஆனால் விரல் எண்ணெய் ஐந்து இதழாகவா ஒட்டும்? அதிலும் ஒன்று மட்டும் குட்டையாக?

அட்டை வாங்கிப்போக வந்த கடைக்கார அம்மாவோ வாயெல்லாம் பல்லாகி, “உங்கக்கா கை அப்படியே உனக்கு வந்திருக்குடி. அந்த மூலைப் பூ இருக்கே, அதைப் பாத்துதான் நான் அசலா டூப்பான்னே கண்டுபிடிப்பேன். போன வருஷத்துக் கார்டு பக்கத்துல வச்சா எது எதுன்னு எனக்கே தெரியாது” என்றாள். சின்னவளுக்கு அன்று ராச்சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அந்தக் குட்டி அச்சைத் துணியில் சுற்றி, டப்பாவில் வைத்துப் பூட்டினாள். அப்படியும் பூ வந்தது. பாப்பாவை அறைப்பக்கம் விடாமல் பார்த்தாள். அப்படியும் வந்தது. யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள். பைத்தியக்காரியிடம் யார் பிள்ளையை விட்டு வைப்பார்கள்? அதனால் வாயை மூடிக்கொண்டு, மூலையில் பூ பூத்த அட்டைகளை அப்படியே கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தான் நெற்றியைத் தேய்த்தார். அவர் இயந்திரம் பழுது பார்க்கிறவர். எங்கே சத்தம் வருகிறதோ அங்கே காதை வைத்துக் கேட்டுப் பழக்கப்பட்டவர்.

“சரி. இப்ப செய். நான் இங்கேயே உக்காந்து பாக்கறேன். கதவைத் தாழ் போட்டுடறேன். யார் குத்தறாங்கன்னு தெரிஞ்சிடும்.”

“தெரிஞ்சா?”

“நீ வேணும்னே பண்றேன்னு தெரிஞ்சா, பாப்பா இன்னிக்கே என்னோட வருவா. ஒரு வார்த்தை பேசக்கூடாது நீ.”

“நான் பண்ணலைன்னா?”

“அப்ப இன்னும் சீக்கிரமா வருவா. கண்ணுக்குத் தெரியாத ஆளு குடியிருக்கிற வீட்டுல என் பிள்ளைக்கு என்ன வேலை?”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. “எப்படிப் பாத்தாலும் கூட்டிட்டுப் போகத்தான் போறீங்க. அப்புறம் இந்தப் பரீட்சை எதுக்கு?”

“எனக்குத் தெரியணும்” என்றார் அத்தான். அவ்வளவு நேரம் இருந்த விறைப்பு அந்த ஒரு வார்த்தையில் இல்லை.

அவள் கீழே போய் இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். அத்தான் கதவைத் தாழிட்டார். நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அறையில் அவர்கள் இருவரும் தவிர, மூச்சு விட இன்னோர் ஆளுக்கு இடம் இல்லை.

“ஆரம்பி.”

சின்னவள் ஒரு வெள்ளை அட்டையை எடுத்தாள். பவுடர் மூட்டையால் ஒற்றினாள். லில்லி அச்சை ஒட்டு மையில் தட்டி, அட்டையின் நடுவில் வைத்து, மேலிருந்து உள்ளங்கையால் ஆடாமல் அழுத்தினாள். எடுத்தாள். அட்டையில் ஒன்றுமே இல்லை. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் ஈரமாய் ஒரு லில்லி மின்னியது. மூலை சுத்தமாக இருந்தது.

“பாத்தீங்களா? மூலையில ஒண்ணும் இல்ல.”

“பாத்தேன். மேலே செய்.”

டீயை ஒரு மிடறு குடித்தாள். நாக்கைச் சுட்டது. டம்ளரை வைத்துவிட்டு, தங்கப் பொடி டப்பாவுக்குக் கையை நீட்டினாள். மூடி இறுக்கமாக இருந்தது. அதைத் திருகும்போது அக்காவை நினைத்துக்கொண்டாள். எப்போதும் மூடியை முரட்டுத்தனமாகத் திருகி வைத்துவிட்டுப் போவாள், தங்கைதான் திறக்க முடியாமல் மல்லுக்கட்டுவாள். சின்னவளுக்கு லேசாகக் கண்ணைக் கட்டுவது போலிருந்தது. மத்தியான வெயில், சூட்டு வாசனை, பட்டினி. வேறொன்றுமில்லை. மூடி திறந்துகொண்டது.

பொடியைக் கொட்டினாள். அட்டையைச் சாய்த்துத் தட்டினாள். மிச்சப் பொடி காகிதத்தில் சரசரவென்று வழிந்தது. நடுவில் லில்லி எழுந்தது.

மூலையில் குட்டிப் பூ.

ஐந்து இதழ். ஒன்று குட்டை.

டம்ளரை எடுத்து வாயில் வைத்தாள். டீ சில்லிட்டுப் போய், மேலே ஆடை கட்டியிருந்தது.

ஒரு மூடியைத் திறக்கிற நேரத்தில் டீ எப்படி இப்படி ஆறும்? ஜன்னலைப் பார்த்தாள். மேஜையின் மேல் கிடந்த வெயில் இப்போது தரைக்கு இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு முற்றத்தில் பாப்பாவின் சத்தம் இல்லை. கயிற்றில் அவள் மாட்டாத அட்டைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் லில்லி, ஒவ்வொன்றிலும் மூலைப் பூ. உருகி, ஆறி, மேடாக நின்றன. முதலில் குத்திய லில்லியும் அவற்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

“அத்தான்” என்று திரும்பினாள்.

அத்தான் நாற்காலியில் இல்லை. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அவர் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். தாழ்ப்பாளைப் பிடித்த கை அப்படியே நின்றுபோயிருந்தது. தாழ் திறக்கப்படவில்லை. முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

“என்னத்தான் ஆச்சு? யாரு வந்தா?”

அவர் மெல்லக் குனிந்து, கூடவே மேலே தூக்கிக்கொண்டு வந்திருந்த அந்தக் குட்டி சூட்கேஸை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அதை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

“பாப்பா இங்கேயே இருக்கட்டும்” என்றார். “நான் மாசம் ஒரு தடவை வந்து பாத்துக்கறேன்.”

நினைத்ததெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் அத்தான் பேசும்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவள் முகத்தில் வேறு யாரையோ தேடுகிற மாதிரி பார்த்தார்.

“இப்பதானே இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்னீங்க? யாரைப் பாத்தீங்க? சொல்லுங்கத்தான், நான் இந்த வீட்டுலதானே இருக்கணும்.”

அத்தான் உதட்டை நனைத்துக்கொண்டார்.

“வேற யாரும் வரலம்மா, நீதான் பூட்டைத் திறந்து அந்தப் பூவை எடுத்துக் குத்திக்கிட்டே, கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா இருக்கிறப்ப மட்டும் என் பொண்டாட்டி என்னைக் கூப்பிடுற பேரைச் சொல்லி, ‘ஏ கரடி, என் பிள்ளையை எங்கிட்டயே விட்டுட்டுப் போ’ன்னு அவ குரல்லயே சொன்னே.”