பத்து எண்ணும் வரை

“அத்தை, என் இன்ஹேலரை எங்க வெச்சீங்க?”

“அவங்க போனதும் தரேன். ஒரு மணி நேரம் மூச்சை அடக்கிக்க முடியாதா உன்னால?”

மாமியார் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டாள். கல்யாணமாகி நான்கு வருடமாக மருமகள் காலையும் இரவும் மருந்தைக் குளியலறையில்தான் இழுத்தாள். ‘புஸ்’ என்ற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். வேலை பார்க்கும் நூலகத்தில் புத்தகத் தூசிக்கு நடுவே எல்லார் முன்னாலும் இழுக்கிறவள், வீட்டில் திருடியாக இருந்தாள். கல்யாணத்துக்கு ஒரு நாத்தனார் இருக்கிறாளே!

இன்று நாத்தனாரைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாமியார் கூடம் முழுக்க வாசனை ஸ்ப்ரே அடித்திருந்தாள். அரை டப்பா காலி. மருமகளுக்கு நெஞ்சு இறுகியது. ஆனால் முதலில் இருமியது அவளல்ல, மாப்பிள்ளையின் அப்பா. இருமலுக்குப் பின்னால் மெல்லிய விசில். அந்த விசில் அவளுக்கு அத்துப்படி.

“புரையேறிடுச்சு” என்றாள் அவர் மனைவி. அவர் இன்னும் எதையும் குடித்திருக்கவில்லை. அவள் கை கைப்பையின் ஜிப் வரை போய் அங்கேயே நின்றது. அவருக்கு உதடு வெளுத்தது. ஜிப் நகரவில்லை.

மருமகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே சமையலறைக்குப் போனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாமியார், இன்ஹேலரைப் பரணில் பழைய குக்கருக்குள் மறைத்திருந்தாள். மருமகள் அதைத் தேடி எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள்.

அவர் குலுக்கினார், மூச்சை வெளியே விட்டார், அழுத்தி மெதுவாக உள்ளே இழுத்தார், விரல்விட்டுப் பத்து வரை எண்ணினார். முதல்முறை பிடிக்கிற கைக்கு அது வராது. அவளுக்கே மூன்று மாதம் ஆனது. அவர் முகம் தெளிந்ததும், இன்ஹேலரைத் துடைத்துவிட்டு அவளும் அங்கேயே இழுத்தாள்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தாள்.

“பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா உங்க வீட்ல மூச்சு வியாதி இருக்கே. நாளைக்குப் பேரன் பேத்திக்கு வந்துட்டா?”

மருமகளின் மூச்சு நாத்தனாரின் ரத்தத்தில் எப்படிப் போகும்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டாள் அந்த அம்மாள். தன் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று சொல்லவே இல்லை. மாமியாரும் கேட்கவில்லை. குடி கெடுத்தவள் என்று மருமகளைத் திட்டிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை மருமகள் கூடத்தில், திறந்த ஜன்னலருகே நின்று மருந்தை இழுத்தாள். நாத்தனார் பக்கத்திலேயே உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள்.

“ஜன்னலைச் சாத்துடி. தெருவுல பார்க்கறாங்க” என்றாள் மாமியார்.

மூச்சை நிறுத்திவைத்திருப்பவளால் பதில் சொல்ல முடியாது. பத்து எண்ணும் வரை மாமியார் காத்திருக்க வேண்டியிருந்தது.

“பார்க்கட்டும் அத்தை” என்று சொல்லிவிட்டு, அவள் வாய் கொப்பளிக்கப் போனாள்.