பின்வாசல் மணி

ஏழு மணி பதினேழு நிமிடத்துக்கு அப்பா வலது காலில் சாக்ஸ் மாட்டி முடித்தார். இடது கால் சாக்ஸ் கையிலேயே இருந்தது. மகள் தண்ணீர் கொண்டுவந்தபோது நாற்காலியில் சாய்ந்திருந்தார், எதிர்த்தரப்பு வாதத்தைக் கேட்பவர் போல.

எட்டு மணிக்குள் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். குமாஸ்தா அன்றைய வழக்குகளுக்கு வாய்தா கேட்கக் கோர்ட்டுக்கு ஓடினார். மகளுக்கு அழுகை வரவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அப்பாவின் நீல நோட்டை எடுத்து, அதிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்துச் சொன்னாள்.

நோட்டில் சிலருக்குப் பெயர் கிடையாது. அப்பா வைத்த அடையாளம்தான். 'மஞ்சள் குடை' என்றிருந்த எண்ணில் ஒரு பெண் எடுத்தாள்.

"ரெண்டு பஸ் மாறணும். நான் வந்து பாக்கலாமா அக்கா?"

"இதுக்கெல்லாம் கேக்கணுமா? வாங்க."

அப்பா கோர்ட் வாசலில் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தவர். மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தார். முப்பத்தொரு வருடம் கிரிமினல் கேஸும் குடும்பக் கேஸும். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஜாமீனுக்கு வருபவர்கள் முன்வாசல் வழியாக வருவார்கள். புருஷனுக்குத் தெரியாமல் வரும் பெண்களுக்குச் சந்துப் பக்கம், பின்வாசல். முன்வாசல் மணி கிணுகிணுக்கும். பின்வாசல் மணி கரகரக்கும். ஒன்று அடித்தால் ஓடிப்போய் மற்ற கதவைத் தாழிட வேண்டும். மகளுக்கு ஆறு வயதில் கிடைத்த வேலை அது. இன்று முன்கதவை விரியத் திறந்து வைத்ததும் அவள் கை தானாகப் போய்ப் பின்கதவைத் தாழிட்டிருந்தது.

பத்து மணிக்குக் கூடம் நிறைந்தது. அத்தை அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ஊருக்கெல்லாம் வாய்தா வாங்கிக் குடுத்தியேடா. உனக்குன்னு ஒரு நாள் வாங்கத் தெரியலையே."

பூட்டு உடைத்துப் பிழைத்த ஒருவன் கைகட்டி நின்றான். "எம்மேல பதினோரு கேஸு அக்கா. ஒம்பதுல வெளிய எடுத்தாரு. தண்டனை ஆன ரெண்டும் நான் செய்யாதது."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எட்டரைக்கே வந்துவிட்ட முழுக்கைச் சட்டைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தார். நாற்காலிகள் போட்டார். தண்ணீர் கொடுத்தார். மகள் அப்பாவின் வெறுங்காலையே பார்ப்பதைக் கண்டு, மண்டியிட்டு, இன்னொரு சாக்ஸை மெதுவாக மாட்டிவிட்டார். குழந்தைக்கு மாட்டுவது போல, குதிகால் சரியாக இருக்கிறதா என்று பார்த்து.

"ஒரு கால்ல மட்டும் இருந்தா நல்லா இல்ல தங்கச்சி."

அவளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

"இன்னும் யாராச்சும் வரணுமா?" என்று கேட்டார்.

"தூரத்துலேர்ந்து ஒருத்தங்க வரணும்."

"வரட்டும். அதுவரைக்கும் நான் இருக்கேன்."

பதினொன்றரைக்குக் குமாஸ்தா திரும்பினார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு மகளைச் சட்டப் புத்தக அலமாரிப் பக்கம் இழுத்துப் போனார்.

"பாப்பா, அவன் எப்ப வந்தான்?"

"காலையிலயே. பாவம், நாற்காலியெல்லாம் அவர்தான்..."

"பொண்டாட்டி தலையில ரெண்டு தடவ தையல் போட வெச்சவன். அப்பாதான் அவள வேற ஊருக்கு அனுப்பி வெச்சாரு. எந்த ஊருன்னு எனக்கே சொல்லல. ஒம்பது மாசமா இவன் தேடாத எடம் இல்ல. கோர்ட் வாசல்லயே அப்பா சட்டையப் பிடிச்சான்."

"அந்தப் பொண்ணு பேரு?"

"பேரச் சொன்னா உனக்குத் தெரியுமா? வெயிலோ மழையோ, மூஞ்சி தெரியாம ஒரு மஞ்சக் குடைய விரிச்சுக்கிட்டுத்தான் வருவா."

மகள் கூடத்தைப் பார்த்தாள். அவன் போட்ட நாற்காலிகளில் ஒன்றுகூட அப்பாவைப் பார்க்கவில்லை. எல்லாம் தெருவாசலைப் பார்த்திருந்தன.

நீல நோட்டைப் பிரித்தாள். எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது முறை மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

வீட்டின் பின்பக்கம் மணி கரகரத்தது.

அத்தை தலை நிமிர்ந்தாள். மணி இன்னொரு முறை அடித்தது. சின்னதாக, பழகிய விரல்.

முழுக்கைச் சட்டைக்காரன் எழுந்தான். கையிலிருந்த டம்ளரைச் சிந்தாமல் அப்பாவின் மேஜைமேல் வைத்தான்.

"பின்னாலயும் ஒரு வாசல் இருக்கா? நீ உக்காரு தங்கச்சி. நான் போய்த் தெறக்கட்டுமா?"