கண்மாய் அழிந்த ஞாயிறு

விடிந்தும் விடியாத நேரத்தில், வேப்பனேந்தல் கண்மாய்க்குப் போகும் மண்சாலையில், எங்கள் ஸ்கூட்டருக்கு முன்னால் இரண்டு மினி லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. லாரி நிறைய ஆட்கள். எல்லார் கையிலும் கூடை மாதிரி ஏதோ இருந்தது. "கல்யாண வீடா இருக்கும்" என்றார் என் கணவர் இன்பசேகரன். கல்யாண வீட்டுக்கு எவனாவது அடியில்லாத கூடையைத் தூக்கிக்கொண்டு போவானா? பின்னால் ராஜகுரு சார் தன் ஹீரோ ஹோண்டாவில், முதுகில் டெலஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு, குழி பார்த்து நிதானமாக வந்துகொண்டிருந்தார். கே.கே. நகரில் அவர் வீட்டு வாசலில் அவர் காபி குடித்து முடிக்கும்வரை நாங்கள் நின்ற நேரத்தில் இரண்டு தடவை கண்மாய்க்கு வந்து போயிருக்கலாம். கேட்டால் மனஸ்தாபமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் லெந்து என்கிற தவக்கால நாளில், ஆராதனைக்குப் போகாமல் கண்மாய்க்குப் போகிறவள் என்று எங்கள் சபையில் எனக்கு ஏற்கெனவே பேர் உண்டு. அதற்கு முந்தின ஞாயிறுதான் இந்தக் கண்மாயில் ஏழு வரித்தலை வாத்துகளைப் பார்த்திருந்தேன். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, தலையின் பின்பக்கம் அழுத்தி இழுத்த மாதிரி இரண்டு கறுப்புப் பட்டை. பனிக்காலத்துக்கு இங்கே வந்து, பங்குனி வெயில் ஏறியதும் இமயமலையைத் தாண்டிப் போய்விடுகிற வாத்து. மதுரைப் பக்கம் அதைக் கண்டதாக பறவை பார்க்கிற எங்கள் வட்டத்தில் அதுவரை யாரும் சொன்னதில்லை. பைனாகுலரை வைத்துவிட்டு, அழுதுவிட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மொட்டைமாடியில் நடந்த வட்டத்தின் கூட்டத்தில் சொன்னேன். வட்டத்துக்குச் செயலாளர் ராஜகுரு சார். பாங்கில் பெரிய ஆபீசர், வட்டத்திலேயே டெலஸ்கோப் வைத்திருக்கும் ஒரே ஆள். அவர் தலையாட்டினால்தான் எந்தப் பறவையும் ஆண்டறிக்கையில் ஏறும். எல்லார் முன்னாலும் அவர் சொன்னார்: "வாத்து மேய்க்கிறவன் பத்திட்டு வந்ததப் பாத்திருப்பீங்க டீச்சர்." மொட்டைமாடியே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன், அதுதான் இன்னும் எரிகிறது. ஏற்கெனவே நான் பார்த்த இரண்டு பறவைகளுக்குப் பக்கத்தில் 'உறுதி செய்யப்படவில்லை' என்று போட்டவர் அவர். அவர் பார்த்தால் பறவை, நான் பார்த்தால் சந்தேகம். இந்தத் தடவை விடுவதில்லை, கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கண்ணில் காட்டுகிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் போய்ப் பார்த்தேன், ஏழும் அங்கேயே கிடந்தன. கண்மாயில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நல்லகாமன் எனக்குப் பழக்கம். வாத்து என்று வாயெடுத்தால் கண்ணிவைக்க ஆள் வந்துவிடும் என்று பயந்து, "ஞாயித்துக்கெழம மதுரையிலேர்ந்து ஒரு பெரியவரு கண்மாயப் பாக்க வாராருண்ணே, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நல்லகாமன் தலையை ஆட்டின ஆட்டில் எனக்கு அம்புட்டு நிம்மதி.

கரை மேல் ஏறிப் பார்த்தேன். கரை நெடுகச் சனம். பத்துப் பன்னிரண்டு ஊர் ஆட்கள் இருப்பார்கள். கூடைகள் எல்லாம் ஊத்தா, சேற்றுத் தண்ணீரில் மீன்மேல் கவிழ்த்து அமுக்குகிற கூடை. வலை வைத்திருந்தார்கள், கொசுவலை வைத்திருந்தார்கள், சில பெண்கள் பழைய சேலையை இருபுறமும் பிடித்துத் தயாராக நின்றார்கள். கோடை தொடங்கித் தண்ணீர் வற்றியதும் ஊர்கூடி ஒரே நாளில் இறங்கி மீன் பிடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கண்மாய் அழிப்பது என்பார்கள். பெரியவர் ஒருவர் மடைமேல் நின்று வெள்ளைத்துண்டை வீசினால் அத்தனை பேரும் குதிப்பார்கள்.

நல்லகாமன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். முகமெல்லாம் பல். "வாங்க டீச்சரம்மா. அடுத்த வாரம்னுதான் வச்சிருந்தோம். நீங்க ஐயாவக் கூட்டியாறேன்னு சொன்னதும் ஊர்ல பேசி முன்னுக்கு இழுத்துப்புட்டேன். ஐயா கையாலதான் துண்டு வீசணும்."

"அண்ணே, கொஞ்ச நேரம், ஒரே ஒரு கால்மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்க."

"சனம் ராத்திரியே வந்து கெடக்கு டீச்சரம்மா. நான் சொன்னாக் கேக்குமா?"

நல்ல மனுஷன், மரியாதை செய்திருக்கிறார். யாரை நோவது? நடுக்கண்மாய்த் திட்டில் பார்த்தேன். அங்கேதான் இருந்தன. வெறுங்கண்ணுக்கு ஏழு சாம்பல் பொட்டு. ராஜகுரு சார் முதுகிலிருந்து டெலஸ்கோப்பை நானே அவிழ்த்து, ஸ்டாண்டில் மாட்டி, திருகித் திருகித் திட்டைப் பிடித்தேன். முதல் வாத்து தலையைச் சிறகுக்குள் செருகியிருந்தது. இரண்டாவது கழுத்தை நீட்டி நின்றது, பட்டை இரண்டும் எழுதிவைத்த மாதிரி. "சார், கெடச்சிருச்சு. ஒரு தடவ கண்ண வைங்க சார்."

அவர் கழுத்தில் அதற்குள் மாலை விழுந்திருந்தது. நெற்றியில் சந்தனம். மடைக்கருப்பு சாமி முன்னால் யாரோ தேங்காய் உடைத்து முடித்து, துண்டை அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "வாரேன் டீச்சர், ஒரு நிமிஷம். மரியாத பண்றாங்க, மறுக்கக் கூடாது" என்றார். பாங்கில் அவருக்கு யாரும் மாலை போட்டதில்லை போல. நான் போய் அவர் சட்டைக்கையைப் பிடித்தேன். சத்தியமாகப் பிடித்தேன். "பாத்துட்டு வீசுங்க சார்" என்றேன். அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு மடைமேல் ஏறி, நல்ல உயரமாகத் தூக்கி, துண்டை வீசினார்.

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கரையே சரிந்து கண்மாய்க்குள் விழுந்ததுபோல் சனம் இறங்கியது. டெலஸ்கோப் ஸ்டாண்டை யாரோ இடித்தார்கள், அது சாய, நான் பாய்ந்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என்மேல் கால் படாமல் இன்பா குறுக்கே நின்றார். நான் எழுந்து பார்த்தபோது திட்டு காலி. கொக்கு, நீர்க்காகம், நீலச்சிறகி எல்லாம் வானத்தில் கலைந்து சுற்றிக்கொண்டிருந்தன. என் ஏழு வாத்தையும் காணோம். சேறாக்கிய தண்ணீருக்குள் ஒருவன் விரால் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான், எல்லாரும் கைதட்டினார்கள்.

"நல்லாப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் மாலையைக் கழற்றிக்கொண்டே, "கூட்டத்துல எங்க டீச்சர்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பக்கத்துக் கண்மாய்லதான் எறங்கியிருக்கும், போய்ப் பாப்போம்" என்றார். நல்லகாமன் இரண்டு பெரிய கெண்டையை நாரில் கோத்துக் கொடுத்தார். லெந்து நாளில் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. ராஜகுரு சார் சைவம். வேண்டாம் என்றால் மனுஷன் உடைந்துபோவார். கெண்டை இரண்டும் எங்கள் ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கிக்கொண்டு வந்தன.

அன்றைக்கு நாங்கள் போகாத கண்மாய் இல்லை. வரிச்சியூர்ப் பக்கம் ஒன்றில் ஆள்காட்டிக் குருவி மட்டும் கத்தியது. குன்னத்தூரில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். களிமங்கலத்துக்கு முன்னால் எங்கள் டயர் பஞ்சரானது, இன்பா வெயிலில் ஸ்டெப்னி மாற்றினார். "இந்த நேரம் பாஸ்டர் பிரசங்கத்த முடிச்சிருப்பாரு" என்றார், நட்டை முடுக்கிக்கொண்டே. குற்றமாகச் சொல்லவில்லை, அவர் பேச்சே அப்படித்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. உச்சிவெயிலில் சக்கிமங்கலத்தில், தூரத்தில் ஒரு கூட்டம் வாத்தைக் கண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கிட்டே போனால் கோலோடு ஒருவன் நிற்கிறான், மேய்ச்சல் வாத்து. இத்தோடு தொலைந்தேன், இனி சாகும்வரை சொல்லிக்காட்டுவார் என்று திரும்பினேன். ராஜகுரு சார் சிரிக்கவே இல்லை. "அடுத்ததப் பாப்போம் டீச்சர்" என்றார். மனுஷனுக்கு ஈரம் இருக்கிறது என்று நினைத்தேன். போதும் சார், வீட்டுக்குப் போவோம் என்று இரண்டு தடவை நானே சொல்லிப்பார்த்தேன். அவர்தான் விடவில்லை. வண்டியூரில் ஒரு சுற்று, அப்புறம் சாமநத்தம். சாமநத்தத்தில் சாக்கடைத் தண்ணீரில் எருமைகள் படுத்திருந்தன. மீன் நாற ஆரம்பித்திருந்தது. இன்பா அதை வேலிமேல் வைத்துவிட்டு வந்தார்.

பொழுது சாயும்போது விரகனூரில் ஒரு டீக்கடையில் நின்றோம். இன்பா பஞ்சர் ஒட்டப் பக்கத்துக் கடைக்குப் போனார். ராஜகுரு சாரின் முகம் வெயிலில் கன்றியிருந்தது. டீயைக் கையிலேயே வைத்திருந்தார்.

"டீச்சர், காலைல என் தலைக்கு மேலதான் போச்சு."

"என்னது சார்?"

"ஏழும். நல்லாத் தாழ்வா. ரெண்டு பட்டையும் தெரிஞ்சுச்சு. வரித்தலதான்."

மனசுக்குள் எல்லாம் சேர்ந்து ஓடியது. வரிச்சியூர், பஞ்சர், வெயில், மேய்ச்சல் வாத்தைப் பார்த்து நான் ஓடிய ஓட்டம். "காலைலயே தெரியுமா? தெரிஞ்சா நாள் பூரா அலையவிட்டீங்க?"

"எப்பிடி டீச்சர் எழுதறது? எங்க, எந்த நெலமைல பாத்தேன்னு எழுதணும்ல. செயலாளரே துண்டு வீசி வெரட்டிவிட்டாருன்னு எழுதவா? வேற எங்கயாவது எறங்கியிருந்தா அங்க பாத்ததாப் போட்டுக்கலாம்னுதான்..." டீயை ஒரு வாய் குடித்தார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. சாமநத்தத்துல பாத்ததாப் போட்ருவோம். என் பேரு, உங்க பேரு ரெண்டையும் போடுவோம்."

"சாமநத்தத்துல எருமையத்தான் சார் பாத்தோம்."

"அப்ப 'உறுதி செய்யப்படல'ன்னுதான் வரும். யோசிச்சுக்கங்க."

கையிலிருந்த கிளாஸை அவர்மேல் வீசியிருப்பேன். பெஞ்சில் வைத்தேன், கொஞ்சம் சத்தமாக. இவர் முன்னால் அழக் கூடாது என்று தலையை நிமிர்த்தினேன். ரோட்டோரத்து மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வந்து அடைந்துகொண்டிருந்தன. வடக்கே கிளம்பும் முன்னால் இப்படித்தான் கூட்டம் சேரும். ஐந்து கம்பியிலும் இடைவெளி இல்லாமல், இன்னும் வந்துகொண்டே இருந்தன. இவ்வளவு பெரிய கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்தார். கிளாஸை வைத்துவிட்டு, விரலை நீட்டி, உதடு அசையாமல் கம்பி கம்பியாக எண்ண ஆரம்பித்தார். நானும் எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. பெருங்கூட்டம் என்றால் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, ஒத்துவந்தால்தான் அறிக்கையில் ஏற்றுவோம். அவரே போட்ட சட்டம் அது.

எண்ணி முடித்தபோது அவர் முகத்தில் பள்ளிப் பிள்ளையின் சந்தோஷம். "ஆத்தாடி, எனக்கு அறுநூத்துச் சொச்சம் டீச்சர். இம்புட்டு இந்தப் பக்கம் யாருமே பதிஞ்சதில்ல. ஒங்களுக்கு எம்புட்டு?"

இன்பா ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றார். நான் முந்தானையை இழுத்துச் செருகி, பின்னால் ஏறி உட்கார்ந்தேன். "டீச்சர், எம்புட்டு?" என்று மறுபடி கேட்டார். ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டு போக, ஐந்து கம்பியும் ஒரே நேரத்தில் காலியாகி, குருவிகள் ரோட்டுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, வேறு வேறு இடங்களில் போய் உட்கார்ந்தன. அவர் விரலை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.