ஆட்டுக் காது

நாயை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியபோது நான் ஜன்னலில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

மகள் அக்போபே கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்டாள். அதற்குத் தண்டனையாக, அவள் குட்டியிலிருந்து வளர்த்த நாய் அக்தோஸை என் கணவர் குவானிஷ் ஒரு மேய்ப்பனுக்குக் கொடுத்துவிட்டார். பதினைந்து வயதுப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் வெறும் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஒரு நாய்க்காகவா அழுவற? போய் மூஞ்சியக் கழுவு. விருந்தாளி வர்ற நேரம்.”

அங்கிருந்து சமையலறைக்கு வந்தாள். “அம்மா, எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ...” என்று ஆரம்பித்தாள். நான் என்ன கிழித்தேன்? “அப்புறம் பேசலாம்டி, விருந்தாளி வர்றாங்க. இந்த வெங்காயத்த உரி” என்றேன். உரித்தாள். வெங்காயம் உரிக்கிறவளிடம் ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை பாருங்கள். அருமையான வளர்ப்பு.

வந்தவர் குவானிஷின் அண்ணன் ஒராஸ்பெக். வேகவைத்த ஆட்டுத் தலையை, எங்கள் ஊர் வழக்கப்படி, மூத்த விருந்தாளியான அவர் முன்னால் வைத்தோம். அவர் அறுத்துப் பங்கு போட்டார். நாக்கைப் பெண்பிள்ளைக்குக் கொடுக்க மாட்டோம், வாய் நீண்டுவிடுமாம். பிள்ளைகளுக்குக் காதுதான், பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்கட்டும் என்று.

“இந்தாம்மா, அப்பா பேச்சக் கேட்டு நட” என்று காதை நீட்டினார் ஒராஸ்பெக்.

இரண்டு கையாலும் வாங்கினாள். எழுந்துபோய் அதை அப்பாவின் தட்டில் வைத்தாள்.

“இது உங்களுக்குத்தான்ப்பா வேணும்.”

ஒராஸ்பெக்கின் கத்தி அப்படியே நின்றது. குவானிஷுக்கு முகம் சிவந்துவிட்டது.

“எடு அத. தின்னுட்டு, பெரியப்பாகிட்ட மன்னிப்புக் கேளு.”

அவள் அசையவில்லை. அவர் கையை ஓங்கினார். எனக்கு வந்ததே ஆத்திரம், பதினாறு வருஷமாக முழுங்கி வைத்திருந்த ஆத்திரம். குறுக்கே கையை விட்டு அந்தக் காதை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன்.

“கைய இறக்குங்க” என்றேன். “நாய ஏத்துனப்ப நானும் பாத்துக்கிட்டுதான் நின்னேன். எனக்கும் காது இல்ல.”

கை இறங்கியது. ஒராஸ்பெக் கத்தியைக் கீழே வைத்தார். காது ரப்பர் மாதிரி இருந்தது. மென்று முழுங்கிவிட்டு மகள் பக்கம் திரும்பினேன்.

“சொல்லுடி. மத்தியானம் என்னமோ சொல்ல வந்தியே. இப்பச் சொல்லு, நான் கேக்கறேன்.”

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. தேநீர்க் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

“அப்புறம் பேசலாம்மா” என்றாள். “விருந்தாளி இருக்காங்க.”