மறுப்பாளருக்கு விழுந்த சீட்டு

எங்கள் கழகத்தில் சேர யாரும் விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பித்தால் அதுவே அவரைச் சேர்க்காமல் விடப் போதுமான காரணம். கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் நெடுங்காலம் கறுப்புக் கோட்டுப் போட்டு உழைத்த சட்டத்தரணிகளில் சிலரை நாங்களாகவே கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வோம். கண்டிச் சட்ட ஆய்வுக் கழகம் என்று பெயர். சம்பளமும் இல்லை, சலுகையும் இல்லை. பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள நாலு எழுத்து கிடைக்கும். பிள்ளைகளின் கலியாண அழைப்பிதழில் அது பார்க்க நன்றாக இருக்கும். அதற்காக நாங்கள் எல்லோரும் சந்தா கட்டி, வருஷத்துக்கு ஒரு சட்ட ஆய்வைக் காசு கொடுத்துத் தாங்கி நடத்துகிறோம்.

சுனாமி வந்த மறு வருஷம் நான்தான் கழகத்தின் செயலாளர். இரத்தினம்மா என்றால் கண்டி நீதிமன்ற வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேருக்கு என் வாய் என்றால் பயம். மீதிப் பேர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்.

கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வு யோசனை ஒன்று வந்தால் அதை யாரும் புகழக்கூடாது. உறுப்பினர் எல்லோருடைய பெயரையும் சீட்டில் எழுதி ஒரு மிட்டாய்ப் போத்தலில் போட்டுக் குலுக்கி எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அவர்தான் மறுப்பாளர். அவருக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு வழக்குப் பேசுவது போல முழு மூச்சோடு அதை எதிர்க்க வேண்டும். யோசனை கொண்டுவந்தவர் அதற்குப் பதில் சொல்லலாம். அதன் பிறகு, ஆதரிக்கிறவர்கள் தங்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார வேண்டும். ஆதரிக்காதவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். கை தூக்குவதைவிடக் கதிரை தூக்குவது கஷ்டம், அதனால் யோசித்துத்தான் செய்வார்கள் என்பது இதை ஆரம்பித்தவர்களின் எண்ணம்.

அந்த வருஷம் யோசனை கொண்டுவந்தவள் அழகம்மா. தெல்தெனியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கண்டி மஹய்யாவையில் சித்தி வீட்டில் தங்கிப் படித்து, சட்டத்தரணியானவள். முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் கொஞ்சம், வேலை அதிகம். எனக்கு நேர் எதிர், அதனால்தானோ என்னவோ அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவள் ஆய்வு செய்ய விரும்பியது அழைப்பாணை பற்றி. அவளுடைய மாமா பழனியாண்டி தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதியில் வந்த காசுக்கு ஒரு துண்டுக் காணி வாங்கினார். பக்கத்துக் காணிக்காரன் எல்லை வழக்குப் போட்டான். நீதிமன்றத்து அழைப்பாணை, ஓய்வுக்குப் பிறகும் அவர் குடியிருந்த லயத்து வரிசைவீட்டுக்குப் போகவில்லை, தோட்டத்து ஆபீசுக்குப் போனது. லயத்தில் இருக்கிறவர்களுக்குத் தனித்தனி விலாசம் ஏது? ஆபீசில் யாரோ வாங்கி வைத்தார்கள். நீதிமன்றக் கோப்பில் ‘கையளிக்கப்பட்டது’ என்று பதிந்தாயிற்று. பழனியாண்டி வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பும் ஆயிற்று. காணியைப் பிடித்துக் கொடுக்க, நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்கால் ஆட்கள் வந்து நின்றபோதுதான் மனுஷனுக்கு வழக்கென்று ஒன்று இருந்ததே தெரியும். அந்தத் தீர்ப்பை நானும் அழகம்மாவுமாகப் போராடி ரத்துச் செய்வித்தோம். காணி அவரிடமே இருக்கிறது, இப்போது அதில் நல்ல போஞ்சி விளைகிறது.

மாமாவுக்கு ஒரு மருமகள் சட்டத்தரணியாக இருந்தாள். அப்படி யாரும் இல்லாதவர்கள் எத்தனை பேர், அவர்கள் எதையெல்லாம் இழந்தார்கள், சட்டத்தில் எதை மாற்றினால் இது நிற்கும்? இதுதான் அழகம்மாவின் கேள்வி. தெல்தெனியவைச் சுற்றியுள்ள மூன்று தோட்டங்களில் ஒரு வருஷம் ஆய்வு செய்யக் கழகம் தாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஒரு வருஷம் நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்தால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. இன்னொரு பக்கம், கொழும்பில் ஒரு கம்பனி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டம் சனிக்கிழமை. கழகம் இல்லை என்றால் அவள் கொழும்புக்குப் போய்விடுவாள், அந்தக் கேள்வியும் அவளோடு போய்விடும். வேறு யாரும் அதைக் கேட்கப் போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்னரே சீட்டுக் குலுக்கினோம். பெரியதம்பி என்று வந்தது. வேறு பெயராக இருக்காதா என்று சீட்டை இன்னொரு முறை படித்தேன்.

பெரியதம்பி யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து முப்பது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை, வழக்கில் தோற்பதும் பழக்கமில்லை. அவரிடம் ஒரு வியாதி உண்டு. எதிராளியின் வழக்கை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போடுவதோடு நிறுத்த மாட்டார். இதை எப்படிச் சரியாக நடத்தியிருக்க வேண்டும் என்று பாடமும் எடுப்பார். அவரிடம் தோற்றவர்கள் தோல்வியைவிட அந்தப் பாடத்தைத்தான் மறக்க மாட்டார்கள். இத்தனைக்கும் சீட்டு எடுக்கும் முன்பே, அந்தப் பிள்ளையின் யோசனையை இந்த முறை எப்படியும் தாங்கவேண்டும் என்று அவராகவே என்னிடம் சொல்லியிருந்தார்.

கூட்டத்துக்கு முதல் நாள் அவர் கட்சிக்காரர்களைச் சந்திக்கும் கந்தோருக்குப் போனேன். கொஞ்சம் பார்த்து மறுக்கும்படி கேட்டேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒப்புக்கு மறுக்கிறதெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ, இரத்தினம்மா. எனக்கு அது தெரியாது.”

அந்த நேரத்தில் அவரை நான் மனதுக்குள் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

சனிக்கிழமை மாலை வாவிக்கரையோரம் நாங்கள் வழக்கமாகக் கூடும் மாடி மண்டபத்தில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பற்றிசும் பிளேன்ரீயுமாகத் தேநீர் முடிந்தபின் தலைவர் ஸெய்னுலாப்தீன் கூட்டத்தை ஆரம்பித்தார். யோசனை கொண்டுவந்தவரின் மொழியில்தான் மறுப்பும் நடக்க வேண்டும் என்பது விதி. அதனால் சிங்கள உறுப்பினர்கள் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் கதிரையை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். அழகம்மா முன்வரிசையில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள்.

பெரியதம்பி எழுந்தார். அன்றைக்கு அவர் பேசியது போல வேறு எங்கேயும் அவர் பேசி நான் கேட்டதில்லை. ஒருவருடைய மாமாவுக்கு நடந்தது ஆய்வாகாது, அது குடும்பக் கதை என்றார். மூன்று தோட்டமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அங்கே ஒரு கிளாக்கர் சோம்பேறியாக இருந்தால் அதற்குச் சட்டம் என்ன செய்யும் என்று கேட்டார். நீதிமன்றக் கோப்புகள் சிங்களத்தில் இருக்கின்றன, அழகம்மாவோ சனங்களிடம் மட்டும் கேட்டு எழுதப் போகிறாள். கோப்பு ஒன்று சொல்ல, சனம் இன்னொன்று சொல்ல, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காத ஆய்வை எந்த நீதிபதி திரும்பிப் பார்ப்பார் என்றார். தோட்டத்து ஆட்களை லயத்தில் பிடிக்க ஞாயிற்றுக்கிழமையையும் பௌர்ணமிப் போயா விடுமுறையையும் விட்டால் வேறு நாள் இல்லை, ஒரு வருஷத்தில் இது முடியும் என்று நினைப்பது வேடிக்கை என்றார்.

ஒவ்வொரு வார்த்தையும் நியாயமாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். கதிரைகளில் இருந்தவர்கள் மெல்லத் தலையாட்ட ஆரம்பித்ததை நான் பார்த்தேன். ஒருவரும் ஜன்னல் பக்கம் போகப் போவதில்லை என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

அத்தோடு நிறுத்தியிருந்தால் பெரியதம்பி வென்றிருப்பார். ஆனால் வியாதி விடுமா? பாடம் ஆரம்பமானது. இதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் கண்டி, நுவரெலியா, பதுளை என்று மூன்று மாவட்டங்களில் செய்ய வேண்டும். மூன்று வருஷமாவது வேண்டும். சிங்களக் கோப்புகளை ஊன்றிப் படிக்க இன்னொரு சட்டத்தரணி கூட இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் அது பாராளுமன்றம் வரைக்கும் போகக்கூடிய ஆய்வு. இப்படிச் செய்தால் அலுமாரிக்குள் போகிற ஆய்வு. இவ்வளவையும் சொல்லிவிட்டு, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அழகம்மாவைப் பதில் சொல்லச் சொன்னார் தலைவர். அவள் எழுந்தாள். சட்டத்தரணிகள் நாங்கள் எதை விட்டுக்கொடுத்தாலும் எதிராளி சொன்னது சரி என்று மட்டும் சொல்ல மாட்டோம். செத்தாலும் சொல்ல மாட்டோம். அவள் சொன்னாள்.

“சேர் சொன்னது எல்லாமே சரிதாங்க. நான் எழுதுனத வாபஸ் வாங்கிக்கிறேன். மூணு மாவட்டம், மூணு வருஷம், கூட இன்னொரு ஆளு. சேர் சொன்ன மாதிரியே அத என்னோட யோசனையா வைக்கிறேன்.”

ஸெய்னுலாப்தீன் விதிப் புத்தகத்தை என்னிடம் கேட்டார். அவருக்கு அது மனப்பாடம் என்பது எனக்குத் தெரியும். வேண்டுமென்றே பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து பெரியதம்பியைப் பார்த்தார்.

“யோசனைய திருத்தி வச்சா, அதே மறுப்பாளர்தான் அதையும் மறுக்கணும். எழும்புங்க பெரியதம்பி.”

பெரியதம்பி எழுந்தார். இப்போதுதான் தானே கட்டி நிறுத்தியதைத் தானே இடிக்க வேண்டும். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேரை அந்த மனுஷன் இப்படி நிறுத்தி வைத்திருக்கிறார். அன்று அவர் நின்றதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

பின்வரிசையில் இருந்த சிங்கள நண்பர் ஒருவர் மட்டும், வருஷத்துக்கு ஓர் ஆய்வு என்பதுதானே விதி, மூன்று வருஷம் எப்படி என்று கேட்டார். அதற்கு நான் எழுந்தேன். வருஷத்துக்கு ஒன்று என்றுதான் விதி இருக்கிறது, அந்த ஒன்று போன வருஷத்து ஆய்வாகவே இருக்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை என்றேன். நண்பர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பெரியதம்பி இன்னும் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் அழகம்மாவைப் பார்த்து, “எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லைப் பிள்ளை” என்றார். குனிந்து தன் கதிரையைத் தூக்கினார். அறுபது வயது மனுஷன், பாரமான பழைய கதிரை, முக்கி முனகிக்கொண்டு ஜன்னலடியில் கொண்டுபோய் வைத்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொன்றாகக் கதிரைகள் நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் பக்கம் இடம் போதவில்லை.

கூட்டம் கலைந்தபோது மழை விட்டிருந்தது. அழகம்மாவை என் காரில் மஹய்யாவை வரைக்கும் கூட்டிப்போனேன். வழியில் எனக்கு ஒரு கவலை. ஒரு வருஷம் கேட்டவள் தலையில் மூன்று வருஷத்தைக் கட்டிவிட்டோம். கொழும்புக் கம்பனி மூன்று வருஷம் காத்துக்கொண்டிருக்காது. அந்த மனுஷனை மடக்குவதற்காக அவசரப்பட்டுவிட்டாயா என்று அவளிடம் கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

“இல்லக்கா. நான் மொதல்ல எழுதுனதே மூணு வருஷம், மூணு மாவட்டம்னுதான். அப்புறம் நானே வெட்டி வெட்டிக் கொறைச்சேன். கொஞ்சமா கேட்டாத்தான் தருவாங்கன்னு எங்க தோட்டத்து ஆளுங்களுக்குப் பழகிப்போச்சு.”

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். அவளுக்காக இரக்கப்பட்டு, பார்த்து மறுக்கும்படி கெஞ்சப் போனவள் நான். அவள் கேட்டது அவளுக்குப் போதாது என்று அந்தச் சபையில் எழுந்து நின்று சொன்னவர் பெரியதம்பி ஒருவர்தான்.