வீடியோ டெக்குக்குள் ஒரு மீன்

கடைசி நிமிஷத்தில் கோல் விழுந்தது. கூடவே அத்தானும் விழுந்தார். கோல் வலைக்குள் விழுந்தது, அத்தான் அக்காவின் கம்ப்யூட்டர் மேல் விழுந்தார். தனக்கு அப்படியொன்றும் எடை கிடையாது என்று அத்தான் எல்லாரிடமும் சொல்லி வந்தார். கம்ப்யூட்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சடக்கென்று நடுவில் பிளந்து தன் கருத்தைச் சொல்லிவிட்டது.

அக்கா கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய கம்ப்யூட்டர் அது. கீபோர்டுக்கு அடியிலேயே மூளையையும் வைத்து மூடிய, ஒரே உடம்பாக இருக்கும் பழைய ரகம். அதில்தான் அக்கா ஸ்வெட்டருக்கு டிசைன் போடுவாள். கட்டம் கட்டமாக வரைந்து, ஃப்ளாப்பியில் சேமித்து, ஒயர் வழியாகப் பின்னல் மெஷினுக்கு அனுப்பினால், மெஷின் அதை அப்படியே கம்பளி நூலில் பின்னித் தள்ளும். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அக்காவின் மெஷினால். அத்தானின் சம்பளத்தில் எரிவது டிவி.

டிவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டருக்கென்று தனி ஸ்க்ரீன் கிடையாது, ஹாலில் இருக்கிற டிவிதான். டிவியின் முதுகிலோ ஒரே ஓட்டை. ஒன்று, கம்ப்யூட்டர் ஒயரைச் சொருகி டிசைன் போடலாம். இல்லையென்றால் கேபிள் ஒயரைச் சொருகி மேட்ச் பார்க்கலாம். பகலெல்லாம் ஓட்டை அக்காவுக்கு, அத்தான் ஆபீஸ் விட்டு வந்ததும் அத்தானுக்கு. கல்யாணமான மறுவாரமே ஏற்பட்ட ஒப்பந்தம் இது. யாரும் கையெழுத்துப் போடாததால் இன்னும் உயிரோடு இருந்தது.

ஆனால் வேலை சாயங்காலத்தோடு நிற்குமா? அதனால் அக்கா ஸ்க்ரீன் இல்லாமலே வேலை பார்க்கப் பழகிக்கொண்டாள். கம்ப்யூட்டரின் ஓரத்தில் இரண்டு குட்டி லைட் உண்டு. சிகப்பு எரிந்தால் பவர் இருக்கிறது. பச்சை எரிந்தால் ஃப்ளாப்பி ஓடுகிறது, கை வைக்காதே. பச்சை அணைந்தால் உருவிக்கொள். அத்தான் ஒரு பக்கம் ரெஃப்ரியின் பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருக்க, அக்கா இந்தப் பக்கம் அந்த இரண்டு புள்ளியைப் பார்த்தே சேமிப்பாள், காப்பி எடுப்பாள், மெஷினுக்கும் அனுப்பிவிடுவாள்.

அக்காவின் தம்பியை வீட்டில் இன்ஜினியர் என்று கூப்பிடுவார்கள். காலேஜ் அப்படிக் கூப்பிட இன்னும் சம்மதிக்கவில்லை. மின்சுற்றுப் பாடத்தில் அவனுக்கு ஒரு அரியர் இருந்தது. அந்த அரியருக்கே இப்போது எழுந்து நடக்கிற வயசு.

பிளந்த கம்ப்யூட்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவன் டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான். “உடம்புதான்க்கா போச்சு. உயிர் இருக்கு. வேற உடம்புக்குள்ள ஏத்திடலாம்.”

“கூடு விட்டுக் கூடு பாயுறதா?” என்றார் அத்தான்.

“நீங்க பாயாம இருந்தாலே போதும்,” என்றாள் அக்கா.

வேறு உடம்பு பரணில் கிடைத்தது. என்றோ செத்துப்போன வீடியோ டெக். உள்ளே இருந்ததையெல்லாம் இன்ஜினியர் வழித்துப் போட்டான். கம்ப்யூட்டர் போர்டு உள்ளே தாராளமாகப் படுத்தது. கேசட்டை விழுங்குகிற வாயில் ஃப்ளாப்பி டிரைவைப் பொருத்தினால் பல் செட்டு மாதிரி உட்கார்ந்தது. கீபோர்டை மட்டும் தனியாக ஒரு பலகையில் அறைந்து ஒயர் இழுத்துக் கொடுத்தான்.

மிச்சம் அந்த இரண்டு லைட்டுதான். பழைய லைட்டுகள் இருந்த சின்னப் பலகை அத்தானுக்கு அடியில் சிக்கித் தூளாகியிருந்தது. இன்ஜினியர் புது லைட் வாங்கி வந்து ஒயரை நேராகப் பற்றவைத்தான். முதல் லைட் பிரமாதமாக எரிந்தது. ஒரே ஒரு தடவை. அப்புறம் லேசாக நாற்றம் வந்தது. லைட்டுக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டர் வைத்துக் கரண்டை மட்டுப்படுத்த வேண்டும் என்பது பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருந்தது. அவன் புத்தகத்தைக் கடைசியிலிருந்து படிக்கிற கட்சி. இரண்டாவது லைட்டுக்கு ரெசிஸ்டர் வைத்தான், ஆனால் கால்களை மாற்றிப் பற்றவைத்துவிட்டான். அது எரியவும் இல்லை, சாகவும் இல்லை. பரீட்சை ஹாலில் அவன் உட்கார்ந்திருப்பது போலச் சும்மா இருந்தது.

எல்லாம் சரியான பிறகு நிறம் பார்த்தான். டெக்கின் முகத்தில் இரண்டு குட்டி ஜன்னல் இருந்தன. ஒன்றின் கீழே பவர் என்றும் மற்றொன்றின் கீழே ரெக்கார்ட் என்றும் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. பவருக்குப் பச்சை வைத்தான். ரெக்கார்டுக்குச் சிகப்பு. உலகத்தில் எந்த டெக்கை எடுத்தாலும் ரெக்கார்ட் சிகப்புதான், ஃப்ளாப்பியில் எழுதுவதும் ஒரு ரெக்கார்ட்தானே? யோசிக்க யோசிக்க அவனுக்கே தன் மேல் மரியாதை பெருகியது. இவ்வளவு நுணுக்கத்தை வாய்விட்டு விளக்குவது அறிவாளிக்கு அழகில்லை என்று விட்டுவிட்டான்.

“ஒரு தப்பு கண்டுபிடிக்கா, பாப்போம்,” என்று மட்டும் சொன்னான்.

அக்காவுக்குத் தப்புக் கண்டுபிடிக்க நேரமில்லை. நீச்சல் கிளப் ஒன்று பிள்ளைகளுக்கெல்லாம் ஸ்வெட்டர் கேட்டிருந்தது. நெஞ்சைச் சுற்றி ஒரு மீன் நீந்தி வர வேண்டும், வால் முதுகில் முடிய வேண்டும். மறுநாள் காலையில் கிளப்காரர் வரும்போது ஒரு ஸ்வெட்டராவது பின்னிக் காட்டாவிட்டால் வேலை அடுத்த தெரு ஃபேக்டரிக்குப் போய்விடும். அக்கா விடிந்ததிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்து செதில் செதிலாக வரைந்தாள். நடுவில் சேமிக்கவில்லை. பாதி மீனைச் சேமிப்பது அவளுக்குப் பிடிக்காது. பாதியைச் சேமித்தால் பாதியோடு திருப்தி வந்துவிடும் என்பாள்.

வாலின் கடைசிக் கட்டத்தை அவள் வைக்கவும் அத்தான் செருப்பைக் கழற்றவும் சரியாக இருந்தது. அன்றைக்கு அரையிறுதி. ஓட்டை கைமாறியது. டிவியில் மீன் மறைந்து மைதானம் வந்தது. அக்கா அலட்டிக்கொள்ளாமல் புது ஃப்ளாப்பியைச் சொருகி, கீபோர்டில் சேமிக்கும் கட்டையை அமுக்கிவிட்டு, லைட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் பாதி முடிந்தது. அக்கா உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் அத்தான் நிபுணர்களின் கருத்தைக் கேட்டார், அக்கா உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் சமனில் முடிந்து, கூடுதல் நேரமும் ஓடி, பெனால்டி வரைக்கும் வந்துவிட்டது. வெளியே சுற்றிவிட்டு வந்த இன்ஜினியர் பார்த்தபோதும் அக்கா கையைக் கன்னத்தில் வைத்து அதே இடத்தில் இருந்தாள்.

“என்னக்கா, தூக்கமா?”

“சும்மா இருடா. மீன் இன்னும் எழுதிக்கிட்டே இருக்கு.”

“இன்னுமா?”

“பெரிய மீனு. செதில் வேற நிறைய வச்சுட்டேன்.” டிவி போட்ட கூச்சலில் அவள் கத்திப் பேச வேண்டியிருந்தது. “அப்புறம் உன் சிகப்பு லைட்டு ஒழுங்கா ஒட்டலை போலருக்கு. ஆரம்பத்துல கொஞ்ச நேரம் மினுங்குச்சு, அப்புறம் செத்தே போச்சு. பச்சை மட்டும் நல்லா எரியுது. அது அணையட்டும்னுதான் காத்திருக்கேன்.”

இன்ஜினியர் டெக்கின் முகத்தை எட்டிப் பார்த்தான். மீன் முதல் பாதியிலேயே பத்திரமாக ஃப்ளாப்பிக்குள் போய்ப் படுத்துவிட்டது. அக்கா சாயங்காலம் முழுக்கக் காவல் காத்தது பவர் லைட்டை. அவள் எழுத்தை எங்கே படித்தாள்? அவள் படிப்பது நிறத்தை.

“அக்கா, பச்சைதான் பவர்” என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரு தப்புக் கண்டுபிடி என்று சவால் விட்ட வாய், அதே வாரத்தில் அப்படிச் சொல்லக் கூசியது. பச்சை அணைந்தால் போதும், அக்கா ஃப்ளாப்பியை உருவிக்கொள்வாள், யாருக்கும் மனவருத்தம் இல்லை. நிறத்தை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

“ஒயர் லூசா இருக்கும், பாக்குறேன்,” என்று மேஜைக்குப் பின்னால் தவழ்ந்துபோனான். டெக்கின் பின்மூடியை அவன் இன்னும் திருகவில்லை. சோம்பேறித்தனம் சில சமயம் இப்படிக் கைகொடுக்கும். கையை உள்ளே விட்டுத் தடவி, பச்சை லைட்டின் கனெக்டரைப் பிடித்து இழுத்தான்.

“ஆ! அணைஞ்சுதுடா!” என்றாள் அக்கா.

அதே நேரத்தில் அவன் காதுக்குப் பக்கத்தில், டிரைவ் கர்ர் கர்ர் என்று உருண்டுகொண்டிருந்தது.

“எடுக்காதே!” என்று அலறினான்.

ஃப்ளாப்பி அக்காவின் கையில் இருந்தது. “ஏன்?”

“ஏன் ஓடுது அது? நீ எதையாவது அமுக்கினியா?”

“நீ பின்னால போனப்ப ஒரு தடவை அமுக்கினேன். முதல்ல சரியா அமுக்கலையோன்னு.”

அதாவது, நல்லபடியாகப் படுத்திருந்த மீனின் மேலேயே மறுபடி மீனை எழுத ஆரம்பித்து, பாதியில் உருவியாயிற்று. அந்த ஃப்ளாப்பியில் இப்போது இருப்பது மீனும் இல்லை, கருவாடும் இல்லை. இன்ஜினியர் மேஜைக்கு அடியிலிருந்தே எல்லாவற்றையும் ஒப்பித்தான். பச்சைதான் பவர், சிகப்புதான் டிஸ்க், ரெக்கார்ட் என்று எழுதியிருந்ததால் வந்த வினை, இப்போது பச்சையின் ஒயரைப் பிடுங்கியதும் தான்தான். தலை தெரியாத இடத்திலிருந்து உண்மை பேசுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

அக்கா ஃப்ளாப்பியை மேஜை மேல் வைத்துவிட்டுக் குனிந்தாள்.

“அப்ப என் மீன் எங்கடா?”

“கம்ப்யூட்டர் நினைவுல இருக்குக்கா. முழுசா இருக்கு. கரண்ட் இருக்கிற வரைக்கும்.”

“பிளக் எங்க இருக்கு?”

அவன் குனிந்து பார்த்தான். பிளக் அவனுடைய முழங்காலுக்கு அடியில், சுவிட்ச் பலகையிலிருந்து பாதி வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது.

“ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ,” என்றாள் அக்கா, குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில். “நான் சொல்ற வரைக்கும் நீ இன்ஜினியரும் இல்லை, என் தம்பியும் இல்லை. நீ ஒரு பிளக்கு.”

அடுத்து அவள் டிவியின் பின்பக்கம் போனாள். பெனால்டியில் இரண்டு அணியும் சமம். கடைசி உதை மிச்சம். உதைக்கப்போகிறவன் பந்தைப் புல்லில் வைத்து, எடுத்து, திருப்பி வைத்தான். அத்தான் மூச்சை நிறுத்தியிருந்தார்.

“ஏம்மா, எங்க போற?”

“ஒயரை மாத்தப் போறேன்.”

“இப்பவா? ஒரே ஒரு உதைம்மா! உதைச்சா முடிஞ்சுது!”

“உதைக்கட்டும். நீங்க பாக்காட்டி உதைக்க மாட்டானா?”

உதைக்கிறவன் ஓடி வந்தான். கால் பின்னால் போனது. கால் முன்னால் வருவதற்குள் டிவி முழுக்க மீன் நின்றது.

தலையிலிருந்து வால் வரைக்கும் முழு மீன். ஒரு செதில் குறையவில்லை. அடியில் ஏதோ கோளாறு என்று ஒரு வரி வந்திருந்தது. அக்கா ஒரு கட்டையைத் தட்டி அதை விரட்டினாள், பெட்டியிலிருந்து வேறு ஃப்ளாப்பியைப் பிரித்துச் சொருகினாள், சேமித்தாள். இந்தத் தடவை எந்த லைட்டையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேல் மாடியில் ‘ஹோ’ என்று ஒரு கூச்சல் கிளம்பியது.

அத்தான் எழுந்து நின்று தலையைச் சாய்த்தார். “இது கோல் விழுந்த கத்தலா, விழாத கத்தலா?”

“சந்தோஷமா கத்துற மாதிரிதான் இருக்கு,” என்றது மேஜைக்கு அடியிலிருந்து பிளக்கு.

“சந்தோஷம் யாருக்குன்னு தெரியணுமே! மேல் வீட்டுக்காரர் எந்த டீம்?”

“தெரியலை அத்தான்.”

“அப்புறம் நாலு பேர் தடதடன்னு குதிக்கிறாங்க. ஒரு ஆள் மட்டும் குதிக்கலை. அது வீட்டுக்காரரா, விருந்தாளியா?” அத்தான் கூரையை வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். நெற்றியில் வேர்த்தது. “மாப்ள, மேல போய் ஒரு எட்டு கேட்டுட்டு வாடா.”

“அக்கா விடணுமே.”

டிரைவ் நின்றது. சேமித்தாயிற்று என்று ஸ்க்ரீனில் வரி வந்தது. அக்கா ஃப்ளாப்பியை உருவி, ஊதி, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

“முடிஞ்சுதாம்மா?” அத்தான் கேபிள் ஒயரைக் கையில் எடுத்துத் தயாராக நின்றார். “இப்ப மாத்திக்கலாமா? ரீப்ளேயாவது போடுவான்.”

அக்கா தலையை ஒரு பக்கம் சாய்த்து மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பகலில் தோன்றாத ஒன்று இப்போது தோன்றியது.

“கண்ணு சின்னதா இருக்கு,” என்றாள். “ஒரு கட்டம் பெருசு பண்ணினா உயிர் வரும்.”

நாற்காலியை இழுத்துப்போட்டுச் சௌகரியமாக உட்கார்ந்தாள். மேல் மாடியில் இன்னொரு தரம் கத்தினார்கள்.