குடும்பக் குரல்

வாலுவுக்கு அன்று காலையிலேயே வலி எகிறிவிட்டது. வாலு என் அக்கா மகள், ஏழு வயது. காலெலும்பில் கட்டி. இனிக் குணமாகாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே நடக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருந்தோம். "குணமாக்க முடியாது. ஆனா வலிக்க விடமாட்டோம். அதுக்கு நான் பொறுப்பு" என்று சேர்க்கும்போது அங்குள்ள டாக்டரம்மா சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அக்கா சம்மதித்தாள்.

மார்ஃபின் அளவைக் கூட்ட வேண்டுமென்றால் இல்லத்தின் மூத்த டாக்டர்கள் இருவரில் ஒருவர் மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. ஆபத்தான மருந்து, அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் எனக்குக் குறையில்லை. என் குறை வேறு. குழந்தைகளின் வலியைத் தணிப்பது பற்றிய சர்வதேச மாநாட்டுக்கு அந்த இரண்டு பேரும் ஒரே காரில் ஏறிப் போய்விட்டார்கள். டாக்டரம்மா பேசப் போனார். மற்றவர் அவர் பேசுவதைப் பார்க்கப் போனார். இரண்டு போனும் அடித்துக்கொண்டே இருந்தன, எடுப்பார் இல்லை.

இல்லத்தில் மிச்சமிருந்தது பயிற்சிக்கு வந்த சின்ன டாக்டர். அவர் அளவைச் சீட்டில் எழுதி நீட்டினார்.

"என் கையெழுத்து செல்லாதுங்க. அவங்ககிட்ட வாங்கிட்டு வந்துட்டா அடுத்த நிமிஷம் ஊசி போட்டுடுவோம்."

வாலு போர்வையைக்கூடக் காலில் படவிடவில்லை. அக்கா தன் மேல் சாய்ந்துவிடுவாளோ என்று அவளையும் தள்ளி உட்காரச் சொல்லியிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம், "மாமா, அந்த டாக்டரம்மாவ குண்டுக்கட்டா தூக்கிட்டு வந்துடு" என்றாள்.

"இடிச்ச புளி மாதிரி நிக்காதடா, ஓடு" என்றாள் அக்கா.

மாநாட்டு மண்டபத்தின் வாசலில் காகித வண்ணத்துப்பூச்சிகள் தொங்கின. முடி கொட்டிய ஒரு குழந்தை சிரிக்கும் ஆளுயரப் படம். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை. தன் முறை வந்ததும் ஒவ்வொருவரும் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, எடுத்து முடித்ததும் கேக் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

கழுத்தில் அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்றார் காவலாளி. விளக்கிக்கொண்டிருக்கும்போதே வாக்கி டாக்கியோடு ஓர் ஒருங்கிணைப்பாளர் அம்மா மூச்சிரைக்க வந்தார்.

"நீங்க குடும்பமா?"

"குடும்பம்தாங்க. அக்கா பொண்ணுக்கு..."

"அப்பாடா! எவ்வளவு நேரமா தேடுறோம். வாங்க வாங்க."

ஒரு அட்டையை என் கழுத்தில் மாட்டினார். 'குடும்பக் குரல்' என்று இருந்தது. அந்தப் பெயரில் இருந்த நிகழ்ச்சியில் பேச ஒத்துக்கொண்ட யாரோ ஒரு தகப்பன் வரவில்லை என்று பிறகு புரிந்தது. வராத அந்த மனுஷனுக்கு என் வணக்கம். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கதவு திறக்கிறது என்பதுதான்.

"டாக்டரம்மாவப் பாக்கணுங்க, அவசரம்."

"முன்வரிசையிலதான் இருக்காங்க, மேடையிலேர்ந்தே பாக்கலாம்" என்று என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். "அழுகை வந்தா அடக்காதீங்க. ஆனா மைக்க மட்டும் மறைச்சிடாதீங்க, சரியா?"

மேடையில் ஒரு முக்காலி, அதன் மேல் ஒரு விளக்கு. நெறியாளர் பஞ்சால் துடைப்பது போன்ற குரலில், "உங்க மனசுல இருக்கறதச் சொல்லுங்க. அவசரமே இல்ல" என்றார்.

"அவசரம் சார்" என்றேன்.

மண்டபம் உருகிப்போய் 'உச்' கொட்டியது. முன்வரிசையில் டாக்டரம்மா, பக்கத்தில் மற்றவர். அவர் போனை எடுக்காததன் காரணம் தெரிந்தது: அதை உயர்த்திப் பிடித்து என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"என் அக்கா பொண்ணு வலியில துடிக்கிறா. இப்ப. மருந்து கூட்டணும். டாக்டரம்மா, இந்தச் சீட்டுல ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க."

டாக்டரம்மா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். உள்ளூர்க்காரர்கள் உடனே கண்ணைத் துடைத்தார்கள். காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டியிருந்த வெளிநாட்டினர் சற்றுத் தாமதமாகத் துடைத்தார்கள். பிறகு எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நான் சொன்ன விதம் சரியில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோர்வையாகப் பேச எனக்கு எப்போதும் வராது. எதற்கும் இன்னொரு தரம், மெதுவாக, வார்த்தைக்கு வார்த்தை அதையே சொன்னேன். கைதட்டல் கூடியது.

நெறியாளர் என் கையிலிருந்த சீட்டைச் சுட்டிக்காட்டி, "இந்தக் காகிதம் வெறும் காகிதமில்ல. உலகத்துல உள்ள ஒவ்வொரு தாயும் நீட்டுற வேண்டுகோளோட குறியீடு" என்றார்.

"இது மருந்துச் சீட்டு சார்" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

மேடையிலிருந்து குதித்தேன். டாக்டரம்மா என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது.

"எவ்வளவு அழகாப் பேசினீங்க தம்பி! நம்ம இல்லத்துலேர்ந்து ஒருத்தர் பேசுவாங்கன்னு எனக்குச் சொல்லவே இல்ல பாருங்க."

"நான் பேச வரல டாக்டரம்மா. அங்க வாலு கத்திக்கிட்டிருக்கா. நீங்க இங்க கைதட்டிக்கிட்டிருக்கீங்க."

அப்போதுதான் சீட்டைப் படித்தார். முகம் வெளிறியது. பக்கத்தில் இருந்தவர் போனைத் தாழ்த்திச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கூரையின் விளக்குகளை ஆராயத் தொடங்கினார்.

டாக்டரம்மா மாநாட்டுப் பையைத் துழாவினார். வண்ணத்துப்பூச்சி பொம்மை வந்தது, கைக்குட்டை வந்தது, ஒரு வழியாகப் பேனாவும் வந்தது. கையெழுத்துப் போட்டார்.

"மேடம், ஒரே நொடி, வெளிச்சம் சரியா விழல. இன்னொரு தடவை போடுற மாதிரி..." என்றார் மாநாட்டுப் புகைப்படக்காரர்.

பழக்கதோஷம், டாக்டரம்மாவின் கை மறுபடி சீட்டின் மேல் போனது. நான் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

இல்லத்தில் சின்ன டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். சொன்ன சொல் தவறாமல் உடனே மருந்தை ஏற்றினார். நாங்கள் காத்திருந்தோம். முதலில் வாலுவின் தாடை தளர்ந்தது. பிறகு கட்டிலின் கம்பியை விட்டாள். கண் சொக்கும்போது, "தூக்கிட்டு வந்தியா?" என்றாள்.

"கனமா இருந்தாங்க, விட்டுட்டேன்."

உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தூங்கிவிட்டாள். அக்கா போர்வையை அவள் காலின் மேல் இழுத்துவிட்டு, கையை அப்படியே வைத்துக்கொண்டாள்.

"ஏன்டா இவ்வளவு நேரம்?"

"கைதட்டினாங்க."

"எதுக்கு?"

எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அக்காவின் போன் ஒலித்தது. ஒருங்கிணைப்பாளர் அம்மாவேதான். எண்ணை இல்லத்தில் வாங்கியிருக்கிறார். அமைதியான அறையில் அவர் குரல் எனக்கே கேட்டது. எல்லாரையும் உலுக்கிவிட்டதாம். நாளை நிறைவு விழாவாம். "முடிஞ்சா பாப்பாவையும் கூட்டிட்டு வாங்களேன், சக்கர நாற்காலி நாங்களே ஏற்பாடு பண்றோம்."

அக்கா முழுவதும் கேட்டாள். போர்வை மேலிருந்த கையை எடுக்கவே இல்லை.

"கத்தாதீங்க. இப்பத்தான் தூங்குறா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.